ஊதாப் பெட்டூனியா

குட்டிம்மா,

நான் நலம்தான். குளிர்காலத் தோட்டத்துக்குச் செடி வாங்கிவிட்டேன். நம் வெயிலுக்குப் பேன்சிப் பூச்செடி மதியமே துவண்டுவிடும் என்றார் நர்சரிக்காரர். மஞ்சள் சாமந்தி, சிவப்பு சால்வியா, வெள்ளைப் பெட்டூனியா எடுத்தேன். ஊதா மட்டும் எடுக்கவில்லை. உனக்குப் பிடித்த நிறம் வாசலில் பூத்தால், நீ வரப்போகிறாய் என்று யாராவது நினைத்துவிடுவார்களே.

போன திங்களன்று மாப்பிள்ளை வந்தார், தட்டு நிறைய ஊதாப் பெட்டூனியா நாற்றோடு. கேட் ஓரமாக அவரே குழி தோண்டி நட்டார். மண்ணை அழுத்திய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவளுக்குப் பிடிச்ச கலராச்சே அத்தை. பூக்கும்போது வராமலா இருப்பா? நீங்க சிரமப்படாதீங்க, தினமும் நானே வந்து தண்ணி ஊத்துறேன்."

காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேறென்ன கேட்பேன்?

அவர் போனதும் பிடுங்கிவிடலாம் என்று கை போனது. முடியவில்லை. சொன்னபடியே தினமும் வருகிறார். தண்ணீர் ஊற்றி முடித்தும் தெருமுனையைப் பார்த்தபடியே நிற்கிறார்.

நீ வருவதாகச் சொன்ன ஞாயிறன்று எதுவும் பூத்திருக்காது. வராதே. பூத்த பிறகும் வராதே. ஊதா நன்றாக வேர் பிடித்துவிட்டது.

கையில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்களா?

அம்மா