மீசையை எடுத்த பிறகு

ஐப்பசி 4, திங்கள்
விடியும் முன்பே மழை. வெந்நீர் நான்கு வாளி. கன்னியர் நடத்தும் முதியோர் விடுதியில் என் பங்குக்கு ஆறு கிழவர்கள். உடம்பு துடைப்பு, நகம், காது, முதுகுப் புண்ணுக்குப் பவுடர். கடைசியாக ரத்தினம் ஐயா (இனி ர.). என்னைப் போலக் கடல் தாண்டி இங்கே வந்த காரைக்கால்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பழைய சொல்தா, அந்தப் பட்டாளத்து மீசை. அதில் கஞ்சி ஒட்டி அடியில் புண். "எடுத்துவிடு" என்றார் மதர். எடுத்தேன். எண்பது வயதுக்கு மேல் மீசை எதற்கு என்று நினைப்பு. புத்தி எங்கே போயிற்றோ.

படிகாரம் தடவும்போதே அவர் கை உதட்டுக்குப் போனது. "தம்பி, யாரு செத்தா?"

செவ்வாய்
மழை. ஒரு துண்டும் காயவில்லை. ர. மறுபடி உதட்டைத் தடவி அழுகை. நேற்று அழுதது நினைவில்லை.

"அம்மாதானே? எனக்கு ஏன்டா சொல்லல?"

தாய் செத்தால் மகன் மீசை எடுப்பான் என்று வெள்ளைக்கார மதருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் தாய் போய் நாற்பது வருஷமாவது இருக்கும். அவருக்கு இன்று காலைதான் போனாள்.

வியாழன்
ர. மூன்று நாளாகக் கஞ்சி தொடவில்லை. மதர் ஊட்டினார், ர. துப்பிவிட்டார். "பொணம் வீட்ல கெடக்கையில சோறு எறங்குமா?" கான் ஹொய் துறைமுகத்தில் கப்பல் ஊதியதும் எழப் பார்த்தார். "சங்கு ஊதுறாங்க. என்னத் தூக்கி விடு."

துணி துவைக்கும்போதும் காதில் ர. குரல். திரும்பினால் யாரும் இல்லை. பயமாக இருக்கிறது.

வெள்ளி
பொய் சொன்னேன். "எல்லாம் முடிஞ்சுதுங்கய்யா. நல்லபடியா எடுத்தாச்சு."

"கொள்ளி யாரு வச்சா?"

"நீங்க கப்பல்ல இருந்தீங்க. நான்தான் வச்சேன்."

என் உதட்டைப் பார்த்தார். "நீயா? அப்ப ஒன் மீசை ஏன் இருக்கு?"

கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு அம்மா இருக்கிறாள், ஊரில். தாய் உயிரோடு இருக்கையில் எவனாவது மீசை எடுப்பானா?

சனி
மழை விட்டது. ஐந்தாம் நாள் பட்டினி. துடைத்தால் தோலும் கூடவே வருகிறது. இனி ஒரு நாள்கூடத் தாங்காது என்றார் டாக்டர்.

என் மீசையை எடுத்துவிட்டேன். இரண்டு இடத்தில் வெட்டு. ர. என் உதட்டை விரலால் தடவிப் பார்த்தார். கிண்ணம் முழுக்கக் குடித்தார். வாயைத் துடைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இன்னும் அழவே இல்லியேடா. அழு."

அழுதேன். என் அம்மா இருக்கிறாள், இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.