ஆயில் எஞ்சின் சத்தத்தில் தப்பித்த கொலைகாரன்

ஜூன் 9, திங்கள்

இன்று டீக்கடையில் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன்.

அகரத்திலிருந்து மோட்டார் காயில் கட்டக் கொண்டுவந்த விவசாயி, த்ரீ பேஸ் கரண்டு விடுகிற நேரத்தைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? இதே த்ரீ பேஸை வைத்து ஒரு கொலைகாரனைப் பிடித்த கதை தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டேன். டிவியில் எட்டு ஒன்பது வருசத்துக்கு முன்னால் பார்த்தது, நிஜமாக நடந்த கேஸ். கிணற்றில் பிணம். சந்தேகப்பட்ட ஆள், ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன் என்று சாதிக்கிறான். போலீஸ் ஈ.பி. ஆபீசில் போய் விசாரித்தால், அந்த வாரம் த்ரீ பேஸ் விட்டதே பன்னிரண்டு மணிக்கு மேல்தான். அது இல்லாமல் தோட்டத்து மோட்டார் ஓடாது. மாட்டிக்கொண்டான்.

கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். கறிக்கடை மன்சூர் கேட்டான்: "யாரு மாப்ள அவன்?"

வாயைத் திறந்தேன். அண்ணனா, தம்பியா, மச்சானா? செத்தவன் யார் என்பதே மறந்துபோயிருந்தது.

"போலீஸ்கிட்ட மாட்டுனவன் உங்கிட்ட தப்பிச்சுட்டான் மாப்ள" என்றான் மன்சூர்.

மலைச்சாமி மோட்டார் ரீவைண்டிங் என்று போர்டு வைத்திருக்கிறேன். மூளைக்கும் யாராவது காயில் கட்டிக்கொடுத்தால் தேவலை.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டில் நாகஜோதியிடம் கேட்டேன். "அதெல்லாம் அப்பனும் மகளும் உக்காந்து பாத்தது. நான் அடுப்படியில கெடந்தேன். சுகன்யாவக் கேளுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுகன்யா என்னோடு பேசி நாலு மாசம் ஆகிறது.

இந்த டைரியை நான் தவிர யாரும் படிப்பதில்லை. பம்பு கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தது, பக்கத்துக்குப் பக்கம் ஒரு மோட்டார் படம். அதனால் எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் நெய்க்காரப்பட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். தென்னந்தோப்புக்காரர்கள். பொண்ணு என்ன படிக்குதுங்க என்று கேட்டார்கள். தடய அறிவியல், கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. முடிக்கப்போகிறாள் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும், "பொணத்துப் பக்கத்துல நிக்கிற வேலைதான். கல்யாணம் ஆனா விட்டுருவா" என்றேன். சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

சுகன்யா காபித் தட்டோடு கதவுகிட்ட நின்றுகொண்டிருந்தாள்.

தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனவள்தான். மறுநாள் விடியக்காலை பஸ். அந்தப் படிப்பில் அவளுக்கு ஆசை வந்ததே ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் அந்தக் கேஸ் நிகழ்ச்சியைப் பார்த்துத்தான். அதை மறந்த மண்டைக்குக் கொலைகாரன் பெயர் மட்டும் ஞாபகம் இருக்குமா?

ஜூன் 13, வெள்ளி

விசாரணை தொடங்கியாகிவிட்டது. மன்சூரும் அந்தக் கேஸைப் பார்த்தவனாம். கிணறு ஞாபகம் இல்லை, போலீஸ் ஞாபகம் இல்லை. கிணற்று மேட்டில் ஒரு ஆடு கட்டியிருந்ததாம், கொடி ஆடு, பதினாலு கிலோ கறி நிற்குமாம். பக்கத்துக் கடை டெய்லர் ஆனந்தமேரியிடம் கேட்டால், "ஆமாண்ணே, அந்தப் பொம்பள ஜாக்கெட்டுக்குக் கை ஏறுக்குமாறா தச்சிருந்துச்சு. அத யாரும் கேக்கல பாத்தீங்களா" என்கிறாள்.

சாட்சிகள் நிலைமை இது. எனக்கும் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி அழுதது நினைவிருக்கிறது. ஒரு தூக்குவாளியும்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறு பதினோரு மணிக்கு சுகன்யா அம்மாவுக்குப் போன் பண்ணுவாள். நான் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கர் போடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். நான் கூடத்தில் பேப்பர் படிப்பது போல இருந்தேன். நாகஜோதி பேச்சோடு பேச்சாக, "அப்பா ஏதோ கேஸு கேஸுன்னு ஒரு வாரமா அலையுறாரு. கிணறு, த்ரீ பேஸு, தூக்குவாளின்னு" என்றாள்.

பிறகு நாகஜோதி போனை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "தூக்குவாளி வேற கேஸாம். நீங்க ரெண்டு கேஸப் போட்டுக் கொழப்புறீங்களாம்."

நாலு மாசத்தில் மகள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை, நான் குழப்புகிறேன் என்பது. சந்தோசமாகத்தான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று கேள்வி அங்கிருந்து வந்தது. செத்தது ஆம்பளையா பொம்பளையா என்று கேட்கச் சொன்னாளாம். ஆம்பளை என்றேன். எந்த ஊர்ப் பக்கம்? தெரியாது. வேறு என்ன ஞாபகம் இருக்கிறது? சப்மெர்சிபிள் மோட்டார், ஆனால் சத்தம் தப்பு என்றேன்.

நாகஜோதிக்கு இங்கும் அங்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "நான் என்ன கோர்ட்டு டவாலியா? ரெண்டு பேரும் நேராப் பேசித் தொலைங்க" என்றாள். ஆனாலும் சுகன்யா சொன்ன கடைசிச் சேதியை மட்டும் விடாமல் சொன்னாள்: "அந்தக் கேஸோட முடிவு அவளுக்கும் தெரியாதாம். கொலைகாரன் பேரச் சொல்லும்போது நீங்க டிவியோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்களாம்."

அடடா. இப்போது ஞாபகம் வருகிறது. சப்மெர்சிபிள் தண்ணீருக்குள்ளே ஓடுகிறது, மேலே சத்தமே கேட்காது. இவன்கள் தடதடவென்று ஆயில் எஞ்சின் சத்தத்தைப் போட்டிருந்தான்கள். ஆயில் எஞ்சினுக்குக் கரண்டே வேண்டாமே! அப்புறம் த்ரீ பேஸாவது, கேஸாவது? இதைத்தான் டிவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுகன்யா அப்போது ஒன்பதாம் வகுப்பு. "அப்பா, செத்த நேரம் சும்மா இருங்களேன்" என்று என் தொடையில் அடித்தாள்.

ஜூன் 26, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

கடையில் வேலை இல்லாத நேரம், போனைப் பார்த்து "த்ரீ பேஸ் கரண்டு கொலை" என்று கத்தினேன். முதலில் வந்தது, ஷாக் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் வகுப்பு எடுத்தது. நாலாவதாக அதே கேஸ். நாற்பத்திரண்டு நிமிசம். ஒரு காயிலைப் பாதியில் போட்டுவிட்டு முழுசாகப் பார்த்தேன்.

கூட்டுக் கிணறு. செத்தவனுக்கும் பங்காளிக்கும் தண்ணீர் முறையில் தகராறு. கொன்றது பங்காளி. ஆடு நிற்கிறது, மன்சூர் சொன்னது சரி. பச்சைச் சேலைக்காரி எங்கேயும் இல்லை. அவள் இடைவேளையில் வந்த சோப்பு விளம்பரம் போலிருக்கிறது. அங்கேயும் அழவில்லை, கண்ணில் சோப்பு.

மன்சூரிடம் ஓடிப்போய்ச் சொல்ல எழுந்தேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

இன்னும் கிடைக்கவில்லை என்று நாகஜோதி மூலமாகச் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 1, செவ்வாய்

புரோக்கர் சின்னக்கண்ணு போன் பண்ணினார். சாணார்பட்டிப் பக்கம் நல்ல இடமாம், பொண்ணு வேலைக்குப் போகாது என்று சொல்லிவிடலாமா என்றார்.

"போகும்" என்றேன். "தடயம் பாக்குற வேலை. பொணமும் பாப்பா, ரத்தமும் பாப்பா. கல்யாணத்துக்கு முன்னாடியும் பாப்பா, பின்னாடியும் பாப்பா. அதுக்குச் சரின்னா வரச் சொல்லுங்க. அதுவும் அவளக் கேட்டுக்கிட்டு." சின்னக்கண்ணு அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். பேசமாட்டார்.

நாகஜோதி அடுப்படியில் இருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ரெண்டு இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

பதினோரு மணிக்கு என் போன் அடித்தது. நாகஜோதி போன் இல்லை, என் போன். யாரோ பூஸ்டர் பம்பு ரிப்பேருக்கு என்று நினைத்து, "மலைச்சாமி மோட்டார்ஸ்" என்றேன்.

"அப்பா, நான்தான்."

கையில் வைத்திருந்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று இதுவரை தெரியவில்லை.

வேறு எதையும் பேசவில்லை. நேராகக் கேஸுக்கு வந்தாள். எட்டு எபிசோடு எடுத்து வைத்திருக்கிறாளாம். ஒன்றில் கிணறு இருக்கிறது, செத்தது மாமனார். இதுவாப்பா என்றாள். இது இல்லம்மா, அதில் ஆடு கட்டியிருக்கும் என்றேன். "ஆடா? இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்று அதட்டினாள். வாத்தியார் மாதிரி குறித்துக்கொண்டாள்.

ஜூலை 7, திங்கள்

போனில் எழுதியிருக்கிறது: ஏழு நிமிசம், பன்னிரண்டு செகண்டு.

ஜூலை 20, ஞாயிறு

பதினெட்டு நிமிசம். கேஸ் பற்றி ஐந்து நிமிசம்தான். மீதி, தண்ணீரில் விழுந்தவன் உயிரோடு விழுந்தானா செத்த பிறகு விழுந்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. எலும்பு மஜ்ஜையில் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். மத்தியானம் மீன் குழம்பு. கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன், அப்பன் என்றால் சும்மாவா?

என் திருட்டுத்தனம் கூடிக்கொண்டே போகிறது. கிணறு கருங்கல் கிணறு என்று பொய் சொன்னேன். சிமெண்டு உறைக் கிணறு அது. அவள் கொஞ்சம் சுற்றி வரட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்குக்கு வந்திருக்கிறாள். நேற்று மத்தியானம் பையை இறக்கியதுமே, "கண்டுபிடிச்சுட்டேன்ப்பா" என்றாள். கல் கிணற்றைத் தேடிப் பத்து நாள் வீணாகப் போனதாம். கடைசியில் நான் சண்டை போட்ட ஆயில் எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் பிடித்தாளாம், ஒவ்வொரு எபிசோடாகக் காதை வைத்துக் கேட்டு. "முடிவு மட்டும் பாக்கல. சேந்து பாக்கலாம்னு வச்சிருக்கேன்."

இன்று சித்ரான்னம் எல்லாம் முடிந்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் போனில் சார்ஜ் இல்லை என்று என் போனை வாங்கித் தேடினாள். எடுத்தவள் அப்படியே விரலை நிறுத்தினாள். வீடியோப் படத்தின் அடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு சிவப்புக் கோடு. ஏற்கெனவே பார்த்து முடித்ததற்கு அப்படிக் கோடு விழுமாம். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். தடயம் படிக்கிற மகள் கையில் தடயத்தோடு போனைக் கொடுத்த முதல் குற்றவாளி நான்தான்.

"யாரோ முழுசாப் பாத்திருக்காங்களே" என்றாள்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நான்தான் பாத்தேன்" என்றாள் நாகஜோதி. "மத்தியானம் பொழுது போகல." போன் வந்தால் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறவள் அவள்.

சுகன்யா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பிடித்து இழுத்து ஆரம்பத்துக்குக் கொண்டுபோனாள். "சரி, மொதல்ல இருந்து பாப்போம். யாரும் பேசக் கூடாது. முக்கியமா நீங்க."

தடதடவென்று சத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவளே வீடியோவை நிறுத்தி, "என்னப்பா, ஒண்ணும் சொல்லலையா?" என்றாள். அது ஆயில் எஞ்சின் என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி நிறுத்தினாள். யார் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டுமாம். நான் மச்சான் என்றேன். அவள் பங்காளி என்றாள். பங்காளியேதான். "அப்பாவுக்கு இன்னும் சிங்கிள் பேஸ்லதான் ஓடுது" என்று என் தொடையில் ஒரு அடி வைத்தாள். ஒன்பதாம் வகுப்பில் அடித்த அதே இடம்.

ஆமாம்மா, வயசாயிருச்சுல்ல என்றேன். ஜூன் 26-லேயே எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை.