அடையாள அட்டையைத் தேடிய காலை

மகள்,

சென்ற வியாழக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். காலுக்கடியில் சவர்க்கார நுரை கிடந்ததை நான் கவனிக்கவில்லை. உடம்பு பின்னால் சரிந்த அந்தக் கணத்தில் தலை குனிந்து என் நாடி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. இடக்கை தானாக நீண்டு, உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைந்தது. எழுந்து உட்கார்ந்து கைகால்களை அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் முறியவில்லை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டொக்டர் சின்னப் பெண். "அன்ரி, இந்த வயசில இப்பிடி விழுந்தா இடுப்பெலும்புதான் முதல்ல போறது. உங்களுக்கு ஆர் விழப் பழக்கினது?" என்று பகிடியாகக் கேட்டாள். "என்ர மகள்" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்து, ஓட்டோவில் ஏறியதும் அழுதேன்.

இதே வெள்ளவத்தை மாடி வீட்டின் முன்னறையில்தான் இரண்டு மெத்தைகளை விரித்து நீ எனக்கு விழப் பழக்கினாய். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சேலைக் கொய்யக மடிப்பைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு, கொன்வென்டில் படித்து, பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கிற ஒருத்தி செய்யக்கூடிய காரியமா இது என்று முணுமுணுத்தபடி விழுந்தேன். "தலையைத் தூக்குங்கோ அம்மா. தொப்புளைப் பாருங்கோ. நிலத்தில கோவம் எண்டு நினைச்சுக் கையால அடியுங்கோ!" என்று நீ கத்தினாய். கீழ்வீட்டு ஹாஜியாரின் மனைவி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். "என்ன டீச்சர், மேல மாவு இடிக்கிறீங்களா? எங்கட வூட்டு சீலிங் இப்ப விழும்போல ஈக்கிது." நீ கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாய்: "இல்ல ஆன்ட்டி, அம்மா விழுறா."

நீ ஜூடோவுக்குப் போகத் தொடங்கியதே ஒரு பொய்யில்தான். உன் அப்பா இறந்து மூன்றாவது வருடம். எனக்குச் சிறு வயதில் பியானோ பழக்கிய சிஸ்டரிடம் நீயும் பழக வேண்டும் என்று, சனிக்கிழமைகளில் 155ஆம் இலக்க பஸ்ஸில் உன்னைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினேன். ஆறு கிழமை கழித்து சிஸ்டரிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது: பிள்ளைக்குச் சுகமில்லையா? நேரே போய்ப் பார்த்தேன். பியானோ அறைக்கு எதிரேயிருந்த மண்டபத்தில், வெறுங்காலோடு, யாருடையவோ பழைய வெள்ளைச் சட்டை முழங்கால் வரை தொங்க, நீ உருண்டுகொண்டிருந்தாய்.

அன்று உன்னை மேசையில் இருத்தி, 'நான் இனி என் தாயை ஏமாற்ற மாட்டேன்' என்று நூறு தடவை எழுத வைத்தேன். தொண்ணூறைத் தாண்டியதும் பேனாவை வைத்துவிட்டு, "எழுதி முடிச்சா ஜூடோவுக்குப் போகலாமா?" என்று கேட்டாய். "தண்டனை பொய் சொன்னதுக்கு. விளையாட்டுக்கில்லை" என்றேன். எவ்வளவு நியாயமான தாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உனக்குப் பிடித்த எறி ஒன்று இருந்தது. எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, சட்டென்று திரும்பி, உன் முதுகை அவளுக்குக் கொடுத்து, தோளுக்கு மேலால் தூக்கி எறிவது. ஒரு பிள்ளை எதற்காகத் தன் முதுகை இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை. பதினேழு வயதில் அந்த எறியின்போதுதான் உன் காறை எலும்பு முறிந்தது. திரும்பிய பிறகு அரை விநாடி தயங்கியிருக்கிறாய். அந்தப் பெண் தன் முழுப் பாரத்தோடும் உன் மேல் விழுந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, "பிழை என்ரதான் அம்மா. முதுகைக் குடுத்த பிறகு யோசிக்கக் கூடாது" என்றாய்.

எலும்பு ஆறு கிழமையில் பொருந்தியது. பயம் பொருந்தவில்லை. சனிக்கிழமை காலைகளில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நீ வாந்தியெடுக்கும் சத்தம் கேட்கும். வெளியே வந்து, முகத்தைத் துடைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாய். மற்ற நாட்களில் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை யன்னல் கம்பியில் கட்டி, அதை எதிராளியின் கைகளாக நினைத்து இழுத்து இழுத்துத் திரும்புவாய். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. அடுப்படியிலிருந்து எண்ணுவது என் வேலை. கடைசி ஐம்பதில் உன் கால் சோரும். எனக்குச் சத்தத்திலேயே தெரியும். "அது பாதி! கணக்கில்லை. திரும்பச் செய்!" என்று கரண்டியோடு கத்துவேன். "ஜூடோ சேர் பரவாயில்லை அம்மா, நீங்கள்தான் மோசம்" என்பாய். ஆனால் திரும்பச் செய்வாய்.

ஒரு சனிக்கிழமை நீ கதவைத் தட்டிய விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. உன்னைவிட ஏழு கிலோ கூடிய ஒருத்தியை அதே எறியால் எறிந்திருந்தாய். "அப்ப பயம் போயிட்டுதோ?" என்று கேட்டேன். "போகேல்ல அம்மா. வெளியில செருப்போட நிக்கச் சொல்லிட்டு உள்ள போனனான்" என்றாய்.

என்னுடைய பயம் வெளியே நிற்கிற வகை அல்ல. அது என்னோடு சாப்பிட்டது, என்னோடு படுத்தது. அந்த வருடங்களில் கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளை வளர்த்த எல்லோருக்கும் அது இருந்தது. ஆனால் எனக்கிருந்தது நீ ஒருத்தி. எங்கள் ஒழுங்கையில் டைப்பிங் வகுப்புக்குப் போன பெண் ஒருத்தி அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போனாள். செக்பொயின்டில் ஏற்றிக்கொண்டு போய் மூன்றாம் நாள்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் யாரோடும் கதைக்கவில்லை. தாய் மட்டும் எப்போதாவது கடையில் எதிர்ப்படுவாள், கண்ணைப் பார்க்க மாட்டாள்.

மருதானையில் நம் இருவரையும் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஆமிக்காரன் உன் பையைத் திறந்து அந்தத் தடித்த வெள்ளைச் சட்டையை இழுத்தெடுத்தான், பிறகு பெல்ட்டை. "மே மொகத்த?" இது என்ன என்றான். நீ ஜூடோ என்றாய். அவன் பக்கத்தில் நின்ற கூட்டாளியைக் காட்டி, அப்படியென்றால் இவனை விழுத்திக் காட்டு என்று சிங்களத்தில் சொன்னான். நீ நிமிர்ந்து நின்று, "மெட்டயக் ஓன. நெத்னங் ரிதெய்" என்றாய். மெத்தை வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு நோகும். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தும் தந்தார்கள். பஸ்ஸில் ஏறியதும் உன் கையில் நான் கிள்ளினேன். உனக்குப் பயமில்லாததுதான் எனக்குப் பெரிய பயம். அடுத்த தடவை சிரிக்காத ஒருவன் நிற்பான் என்று நினைத்தேன்.

உனக்குப் பத்தொன்பது வயதானபோது தேசிய அணிக்கான தெரிவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எடை பார்க்கப் போக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை நகரில் குண்டு வெடித்தது. சனிக்கிழமை பகல் முழுவதும் காலி வீதியில் ஜீப்புகள் ஓடின. பின்னேரம் நீ தலை முழுகிக்கொண்டிருந்தபோது உன் பர்ஸைத் திறந்தேன். அடையாள அட்டையை எடுத்தேன். என் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அவ்வளவுதான். போகாதே என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ கேட்க மாட்டாய், கதவைத் திறந்து போய்விடுவாய் என்று தெரியும். அடையாள அட்டை இல்லாமல் போக மாட்டாய் என்றும் தெரியும்.

காலையில், "அம்மா, என்ர ஐசியைக் கண்டீங்களா?" என்று கேட்டாய். இரண்டாவது தடவை கேட்டபோது உன் குரல் மாறியிருந்தது. பையைக் கவிழ்த்தாய். அலுமாரியை இழுத்தாய். நானும் தேடினேன், மகள். முழங்காலில் நின்று கட்டிலுக்கடியில் டோர்ச் அடித்துத் தேடினேன். தேடிக்கொண்டே ஏசினேன். "எத்தனை தரம் சொன்னனான், ஒரு பொருளை எடுத்தா எடுத்த இடத்தில வை எண்டு! கவனமில்லாத பிள்ளை!" பிறகு, எனக்கே இன்னும் விளங்காத ஒரு காரியம் செய்தேன். "வா, அந்தோனியாரைக் கேப்பம்" என்றேன். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர். பையைத் தோளில் மாட்டியபடியே நீ படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டாய். நான் பக்கத்தில் முழந்தாளிட்டுச் செபத்தை வாசித்தேன். உன் அட்டை இருந்த அதே புத்தகத்திலிருந்து வாசித்தேன். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று என் பெருவிரலுக்குத் தெரிந்திருந்தது.

"ஐசி இல்லாமலே போறன்" என்று எழுந்து கதவைத் திறந்தாய். "அந்த டைப்பிங் பிள்ளைக்கு நடந்தது தெரியாதோ உனக்கு?" என்றேன். மூன்று படி இறங்கியவள் நின்றாய். அங்கேயே உட்கார்ந்தாய். மணி ஒன்பது அடித்தது.

ஒன்பதரைக்கு உனக்குச் சோறு போட்டேன். எடைக்காக முதல் நாளே பட்டினி கிடந்தவள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாய். "பிழை என்ரதான், அம்மா" என்றாய். "இனியாவது கவனமா இரு" என்றேன். நான் அப்படித்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து அட்டையைக் கண்டெடுத்தேன். நீ அதை முத்தமிட்டாய். "அந்தோனியார் தந்திட்டார். கொஞ்சம் லேட், பரவாயில்லை, அவருக்கும் செக்பொயின்ட்தானே" என்று சிரித்தாய். செவ்வாய்க்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய் நன்றிக்கு மெழுகுதிரி ஏற்றினாய். நெரிசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நானும் ஒரு திரி ஏற்றினேன்.

சில மாதங்களுக்குப் பிறகு உன் ஜூடோ சேர் வீட்டுக்கு வந்தார். நீ கடைக்குப் போயிருந்தாய். தேத்தண்ணீரைத் தொடாமல், தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் மெதுவாகச் சொன்னார். உன் உடம்பில் ஒரு குறையுமில்லையாம். ஆனால் திரும்பிய பிறகு நிற்கிறாயாம், எதையோ மறந்துவிட்டு வந்தவள்போல. வீட்டில் ஏதும் நடந்ததா என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அடுத்த வருடம் உன்னைக் கனடாவுக்கு அனுப்பினேன். அந்த வெள்ளைச் சட்டையை நீ கொண்டு போகவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சுவாமியார் பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அது கடவுளுக்குப் போயிருக்கும், உனக்கு வந்து சேரவில்லை. பல வருடங்கள் கழித்து அங்கே உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் கதைத்தோமே, எத்தனை தடவை தொடங்கினேன் தெரியுமா? "பிள்ளை, உன்னட்ட ஒரு விஷயம்..." என்பேன். "என்னம்மா?" என்பாய், களைத்த குரலில். "ஒண்டுமில்லை, சாப்பிட்டியோ?" என்று முடிப்பேன். உனக்கு அதைத் தாங்கும் பலமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பலமில்லாதவள் நான். ஒரு பொய்க்காக உன்னை நூறு தடவை எழுத வைத்தவள், உனக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்கப் பயந்தேன். எனக்கு விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு வருடம் கழித்து உன் கணவர் கனடாவிலிருந்து வந்தார். முன்னறையில் உட்கார்ந்து உன்னைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கக் கதைத்தார். அவருக்கும் அப்படிக் கதைக்க வேறு ஆளில்லை. "மாமி, அவவோட வெளிக்கிடுறதெண்டா அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிடோணும். ஹான்ட்பாக்கைத் திறந்து பாப்பா, பூட்டுவா. படியில நிண்டு திரும்பத் திறப்பா. காருக்குள்ள இருந்து இன்னொருக்கா. ஒருநாள் பாதி வழியில காரைத் திருப்ப வைச்சவ. ஏன் எண்டு கேட்டா, 'நான் கவனமில்லாத ஆள், அம்மாவைக் கேளுங்கோ, முக்கியமான நாளில ஐசியைத் துலைச்சனான்' எண்டுவா. உண்மையோ மாமி?"

ஓம் என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போயிருப்பார்.

"இல்லை, தம்பி" என்றேன். "அவள் ஒருநாளும் ஒண்டையும் துலைச்சதில்லை. எடுத்தது நான்." பர்ஸ், செபப் புத்தகம், டோர்ச், மெழுகுதிரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "மாமி, இது அவவுக்குத் தெரிஞ்சிருந்தா..." என்றார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டுச் சுகம் கேட்கிறார். அந்த வசனத்தை மட்டும் அவர் முடிக்கவில்லை.

அதை நான்தான் முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்திருந்தால் நீ என்னை மன்னித்திருப்பாய் என்று சில காலைகளில் முடிக்கிறேன். தெரிந்திருந்தால் என்னோடு கதைப்பதையே விட்டிருப்பாய் என்று சில காலைகளில். அந்த இரண்டையும் என்னால் தாங்க முடிகிறது. மற்ற நாட்களில் அது வேறு விதமாக முடிகிறது: தெரிந்திருந்தால், அந்தக் கைப்பையை ஒரே ஒரு தடவை பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போயிருப்பாய்.