தனத்தின் பெட்டி நிறைந்துவிட்டது

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மாடிச் செடிகளுக்குத் தண்ணீர். பிறகு கம்ப்யூட்டர்.

வீட்டில் செடி வளர்ப்பவர்களுக்கான 'உப்புக்காற்றுத் தோட்டம்' மின்னஞ்சல் குழுவுக்கு நான்தான் காவல்காரி. இன்று போய்ச் சேராமல் திரும்பி வந்த கடிதங்கள்:

- முட்டுக்காடு வாத்தியார். அப்படி ஒரு முகவரியே இல்லையாம். மகன் மாற்றிக் கொடுத்திருப்பான். கேட்கணும்.
- கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் இருவர். மாற்றலாகிப் போய்விட்டார்கள். நீக்கியாச்சு.
- தனம், மாமல்லபுரம். பெட்டி நிறைந்துவிட்டது. நாலாவது தடவை. ஐந்தானால் மென்பொருளே பெயரை எடுத்துவிடும்.

தனம் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேசுவது போலவே எழுதுவாள், நிறுத்தவும் மாட்டாள். ஒரே நாளில் கத்தரிக்காய் பற்றி ஆறு கடிதம்! மே மாதம் பொறுக்காமல் அவளுக்குத் தனியாக எழுதினேன்: "இது குழு, உன் டைரி இல்லை." கூடவே ஒரு பூட்டு. அவள் எழுதுவதை நான் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். அதன்பிறகு அவளிடமிருந்து ஒரு வரி இல்லை.

"போன் பண்ணிப் பாரேன்" என்றார் இவர். "அவ பண்ணட்டும்" என்றேன். வீம்புதான். ஆனாலும் ஐந்தாவது தடவை திரும்பி வராதபடி, அவளுக்குக் கடிதம் போவதை நிறுத்தி வைத்தேன். பெயராவது இருக்கட்டும். அவள் இல்லாமல் குழு வெறிச்சென்று இருக்கிறது, உண்மையைச் சொன்னால்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடவுளே.

எதையோ தேடப்போய், என் அனுமதிக்காகக் காத்திருக்கும் கடிதங்களின் பக்கத்தைத் திறந்தேன். ஏழு. எல்லாம் தனம்.

'கடிதம் காத்திருக்கிறது' என்ற தகவல் என் ஆபீஸ் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் ரிட்டயர் ஆன அன்றே அதை மூடிவிட்டார்கள். ஊரார் முகவரியை எல்லாம் திருத்தினவள், என்னுடையதை மாற்றவில்லை. மடச்சி.

முதல் கடிதம் மன்னிப்பு. இரண்டாவது மறுபடி கத்தரிக்காய். சிரித்துவிட்டேன். ஐந்தாவது, ஜூன் கடைசியில்: "வூட்டுக்காரர் வண்டிலருந்து வுழுந்துட்டாரு. செங்கல்பட்டுல கால் ஆபரேஷன். ஆஸ்பத்திரி பக்கத்துல நம்ம ஆளுங்க யாராச்சும் கீறீங்களா? ஒரு வேள சோறு கெடச்சா போதும்." கீழே ஆஸ்பத்திரி பெயர், வார்டு நம்பர்.

கடைசிக் கடிதம்: "யாரும் பதில் போடல. பரவால்ல. எல்லாருக்கும் வேல இருக்கும்."

அந்தப் 'பரவால்ல'வைத் தாண்ட முடியவில்லை. மதியம் சாப்பிடவில்லை. இவர் மோர் கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

மாமல்லபுரம் பஸ். கூட்டம், நின்றுகொண்டே.

கதவைத் திறந்ததும், "இன்னாக்கா, வழி தெரிஞ்சிச்சா?" அவ்வளவுதான், வாசலிலேயே அழுதுவிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

"நீ பாத்துட்டும் கண்டுக்காம வுட்டுட்டன்னு நெனச்சேன்கா. அதான் பேஜாராப் போச்சி. சோத்துக்கு இன்னா, கடைல துன்னுக்கினோம்."

உள்ளே கட்டிலில் காலில் கட்டோடு அவள் வீட்டுக்காரர்: "மொதல்ல காபி குடு. அப்பால சண்ட போட்டுக்கலாம்."

பெட்டி நிறைந்தது ஏன் என்று அவள் போனை வாங்கிப் பார்த்தேன். குழுக் கடிதம் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. படங்களோடு அப்படியே. "நம்ம ஜனங்க எழுதினது, எப்டிக்கா அழிக்கறது?" சரி, விளம்பரங்களை மட்டும் நீக்கினோம். இடையில் என்னுடைய அந்தத் திட்டுக் கடிதம். அழிக்கப் போனேன், போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அது இருக்கட்டும். எனக்குன்னு தனியா நீ எழுதினது அது ஒண்ணுதான்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

பூட்டு எடுத்தாச்சு. தனத்துக்குக் கடிதம் போவதையும் மறுபடி திறந்துவிட்டாச்சு. தகவல் முகவரி மாற்றியாச்சு. தனத்தைக் கேட்டுக்கொண்டு, நடந்ததைக் குழுவுக்கு எழுதினேன், தவறு என்னுடையது என்று. செங்கல்பட்டில் ஒருவர், இதுவரை ஒரு வரி எழுதாத மனிதர், உடனே பதில்: "அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்தான் என் வீடு. தினமும் சோறு கொண்டுபோயிருப்பேனே அம்மா."

இரண்டாம் தடவை படித்தேன். தனத்தின் போன்.

"யாருக்கா அந்த மனுசன்? ஞாயித்துக்கெழம நம்ம வூட்டுக்கு வரச் சொல்லு. மீன் கொழம்பு வெக்கிறேன்."

மீன் சாப்பிடுவாரோ என்னவோ, கேட்கிறேன் என்றேன்.

"கேளு. நீ காலைலயே வந்துடு. வெங்காயம் உரிக்க ஆளு இல்ல."