முட்டைப் பெட்டிக்கு ஒரு திரை

மெய்ன்,
அக்டோபர் 12

அன்பு மகள் டெலியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தையாவது கடைசி வரை படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் எட்டுக் கோழிகளும் சுகம். அந்த ஃபீனிக்ஸ் வெயிலில் நீயும் உன் வயிற்றிலிருக்கும் ஏழு மாதப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மேப்பிள் இலையெல்லாம் சிவந்து கொட்டுகிறது. ஒரு நரி வந்து வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

பிரசவத்துக்கு வரச் சொல்லி அம்மா கூப்பிட்டபோது, அப்பா இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்றாயாம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் நான் சுத்தியலைத் தேடுவேன் என்பது உனக்குத் தெரியாததா. கோழிகளுக்கு முட்டையிடப் பெட்டி செய்ய உட்கார்ந்தேன்.

எட்டுக் கோழிக்கு எட்டுப் பெட்டி, எல்லாம் நல்ல பைன் பலகை. மேலே ஏறி உட்கார்ந்து அசிங்கம் பண்ணாதபடி சரிவான கூரை, பின்னால் கீல் வைத்த மூடி. ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடிச் சன்னல், உள்ளே ஒரு குட்டி பல்பு. வைக்கோல் பரப்பி, இதுதான் இடம் என்று அவற்றுக்கு விளங்குவதற்காக முட்டை மாதிரி ஆளுக்கொரு கோல்ஃப் பந்தும் வைத்தேன். என் கண்ணே பட்டிருக்கும், அவ்வளவு அழகு. கால் மணிக்கொரு தரம் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்பது நாளும் பந்துதான் இருந்தது.

பத்தாம் நாள், பனி விழுமுன் கொட்டகைக்குள் வைக்கலாமென்று, கொல்லையில் கவிழ்ந்து கிடந்த படகைத் தூக்கினேன். அடியில் பதினேழு முட்டை. அந்தக் கும்மிருட்டில், காய்ந்த இலையை நெஞ்சால் அமுக்கி அமுக்கிக் கிண்ணம் போல் குழி செய்து வைத்திருந்தன. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டுப் புலம்பினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"பல்பைப் போட்டு வச்சு, மூடியைத் தூக்கித் தூக்கிப் பாத்தா எந்தக் கோழிய்யா முட்டை போடும்? ஜூன்ல அந்தப் பொண்ணையும் இப்படித்தானே பண்ணினே," என்றாள்.

அந்தப் படகின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ வந்திருந்த மூன்று நாளும், ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் பிள்ளைக்கு அப்பன் யார் என்று கேட்டேன். உன் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து நின்றும் கேட்டேன். நாலாம் நாள் காலையில் உன் கார் இல்லை. இத்தனை மாதமும் உன்னைத்தான் பிடிவாதக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பல்புகளைப் பிடுங்கினேன், சன்னல்களைப் பலகையால் அடைத்தேன். நீ கேலி செய்வாயே, என்னுடைய அந்தக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, அதைக் கிழித்துப் பெட்டி வாசல்களில் திரையாகத் தொங்கவிட்டேன். மறுநாள் சாம்பல் நிறக் கோழி வந்தது. தலையை நீட்டியது, இழுத்துக்கொண்டது, யோசித்தது, பிறகு நுழைந்தது. நான் விறகுக் கட்டை மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். உள்ளே வைக்கோல் சரசரத்தது. கை மூடியைத் தேடிப் போனது; கையின் மேலேயே உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கொக்கரித்துக்கொண்டு வெளியே குதித்தது.

பெட்டிக்குள் கையை விட்டு முட்டையை எடுத்தேன் டெலியா. சுடச்சுட, இன்னும் ஈரமாக இருந்தது. நான் பார்க்கப் பார்க்க, என் உள்ளங்கையிலேயே அந்த ஈரம் ஓரத்திலிருந்து மெல்ல உலர்ந்து, ஓடு மங்கி, நாம் தினமும் பார்க்கிற முட்டையாக ஆனது. அறுபத்தாறு வருடம் முட்டை தின்றிருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் கழற்றினேன் என்று அம்மா கேட்டாள், முட்டையை அவள் கையில் வைத்தேன். ஒரு கோழிக்கே இப்படியென்றால், நீ சுமப்பது எவ்வளவு பெரிய காரியம்.

பெரிய உயிர் வேறு, சின்ன உயிர் வேறு என்று நல்லபடியாகப் பிரிய வேண்டும். அது எங்கே நடந்தாலும் என் ஆசீர்வாதம் உண்டு. இங்கே நடந்தால் எனக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். யார் என்று இனிக் கேட்கமாட்டேன். உன் அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் பொருத்தியிருக்கிறேன். அம்மாவை உள்ளே விட்டுப் பூட்டச் சொல்லி, வெளியே நின்று தோளால் தள்ளிக்கூடப் பார்த்தேன். திறக்கவில்லை. வாம்மா.

இப்படிக்கு,
தட்டிவிட்டு வெளியே நிற்கக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் அப்பா,
ஓரின்