ஊசியைக் கீழே வைத்த நாள்

அண்ணே, இன்றைக்குக் காலையில் செவலைக் குதிரைக்கு ஊசி போட மாட்டு டாக்டர் வந்திருந்தார். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அதன் தோளில் தடவினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கூட்டி முடித்த லாயத்தையே திரும்பக் கூட்டினேன்.

சோழவரத்தில் நம்ம லாயத்துக்கு அவர் முதல் தடவை வந்தபோது நீதான் செவலையின் தலையைப் பிடித்து நின்றாய். நான் சாணி அள்ளிக்கொண்டே, மருந்தே ஏற்றாமல் சதைப் பிடிப்பில் வெறும் ஊசியைக் குத்த டாக்டர் எதற்கு, நம்ம தையல்காரர் போதுமே என்றேன். டாக்டர் அதன் தோளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சதை முடிச்சாக இறுகிக் கிடந்தது. மயிர் மாதிரி ஊசி அங்கே இறங்கியதும் சதை ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. கொஞ்ச நேரத்தில் செவலை தலையைத் தொங்கவிட்டுக் கொட்டாவி விட்டது. இரண்டு வேளையும் மெதுவாக நடக்க விடு என்று உன்னிடம் சொல்லிப் போனார்.

அந்த வாரமே உனக்கு இடது தோளில் வலி. மனுஷருக்கும் இதே ஊசி திருவள்ளூரில் போடுகிறார்கள் என்று விசாரித்து நான்தான் உன்னை இழுத்துப் போனேன். அங்கே இருந்த பிசியோதெரபி அம்மா தோள், கழுத்து, முதுகு எல்லாம் அழுத்திப் பார்த்தார். எங்கே அழுத்தினாலும் உனக்கு வலி கூடவில்லை. எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது சதை வலி மாதிரி தெரியல. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டுங்க. இப்பவே."

வெளியே வந்ததும் என் வாய் சும்மா இருந்ததா? "உன் தோலு தடிப்பப் பாத்து ஊசி வளைஞ்சி பூடும்னு பயந்துக்கினாங்கண்ணே" என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தாய்.

"சாயங்காலம் செவலைய நடக்க வுடணும். நாளைக்குப் போய்க்கலாம் வாமே" என்று ஊர் திரும்பச் செங்குன்றம் பஸ்ஸில் ஏறினாய். நானும் ஏறினேன்.

மறுநாள் விடிவதற்குள் நீ இல்லை.

நான் சிரிக்க வைக்காமல் இருந்திருந்தால் போயிருப்பாயா? ஆஸ்பத்திரி அங்கேயிருந்து நடக்கிற தூரம்தான். அண்ணியிடம் இந்தக் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். சிரித்த பாதியைச் சொல்லவில்லை.

போன வாரம் வாட்ச்மேன் பெரியவர் இடது கை குடைகிறது என்றார். கிண்டலாக ஒரு வார்த்தை பேசவில்லை நான். வாளியைப் போட்டுவிட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை. திரும்புகிற வழியெல்லாம் திட்டினார்.

"ஒண்ணும் இல்லாததுக்கு இன்னாத்துக்கு இந்த ஓட்டம்? லூசாமே நீ?"

ஆமாம் என்றேன். நாளைக்கு வேறு யாராவது தோளைத் தேய்த்தாலும் என் கால் ஓடத்தான் பார்க்கும். வாய் அப்புறமாகப் பேசிக்கொள்ளட்டும், அண்ணே.