துடைக்காத பாட்டில்

மார்ச் 4, திங்கள்

பாட்டிலில் வைத்த இலைக்குள் மறுபடியும் புழு இல்லை. இலையின் இரண்டு தோல்களுக்கு நடுவே அது தின்றுபோன வெள்ளிக்கோடு மட்டும், வளைந்து வளைந்து. கோட்டின் முடிவில் ஒரு சிறு கிழிசல். வெளியே வந்து எங்கே போகிறது?

பேராசிரியர் சொன்னார்: "அந்துப்பூச்சி கைக்கு வந்தாத்தான் என்ன இனம்னு சொல்ல முடியும். மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா ஆராய்ச்சித் தலைப்பை மாத்திடு."

இரண்டு வருட வேலை.

மார்ச் 9, சனி

சமையலறை ஜன்னலோரம் புதிதாக ஐந்து பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் புழுக்கள் உள்ள இலை. போன முறை மூடியடியில் வெள்ளைப் பூஞ்சை புள்ளி புள்ளியாக வந்தது. அதனால் தினமும் காலையில் ஸ்பிரிட் பஞ்சால் உள்ளே துடைக்கிறேன்.

அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்கண்ணன் மூஞ்சியை இப்படித் துடைச்சிருந்தா எப்பவோ வெளுத்திருப்பாரு."

மார்ச் 11, திங்கள்

காய்ச்சல். துடைக்கும் வேலை அண்ணிக்கு.

மார்ச் 15, வெள்ளி

எழுந்து நடமாடுகிறேன். ஐந்தாவது பாட்டில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. நாலு நாளாக யாரும் தொடவில்லை. மூடியடியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

"ஒரு வேலை சொன்னா உருப்படியா செய்ய மாட்டீங்களா?" கத்திவிட்டேன்.

"சமைக்க இடமில்லைன்னு தள்ளி வெச்சேன். மறந்துட்டேன், டாக்டரம்மா."

அதோடு பேச்சு நின்றது. பாட்டிலைத் தூக்கி எறியவும் தெம்பில்லை. கிடக்கட்டும்.

மார்ச் 18, திங்கள்

அண்ணி தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். காய்ச்சல்காரிக்கு ஏற்ற மாதிரி சோறு குழைந்திருக்கிறது. நான் என்ன மனுஷி?

மார்ச் 22, வெள்ளி

அண்ணிதான் எழுப்பினார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு: "உன் பாட்டில்ல ஏதோ மினுங்குது."

அரிசியில் பாதி இருக்கும். பொன்னிற இறக்கை, ஓரத்தில் குஞ்சம். மூடியடியில் ஒரு வெள்ளைப் புள்ளி திறந்து கிடந்தது.

பூஞ்சை இல்லை. கூடு.

அப்படியானால் இத்தனை நாள் நான் துடைத்து எடுத்ததெல்லாம் —

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணி."

"அதை விடு. அப்போ பாத்திரமும் இனி கழுவ வேண்டாம்ல?"

சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

மூன்றும் வந்துவிட்டன. பேராசிரியர் வெகுநேரம் லென்ஸை விட்டு நிமிரவில்லை. பிறகு, "தலைப்பு அப்படியே இருக்கட்டும்."

ஏப்ரல் 2, செவ்வாய்

புது இலையின் அடியில் முட்டை. சர்க்கரைத் துகளைவிடச் சிறியது.

ஸ்பிரிட் பஞ்சை அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டேன். எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று கேட்கவில்லை.